செம்மஞ்சள் சட்டை

செப்டம்பர் 28

சின்னவளின் பள்ளிப் பையில் ஒரு துண்டுத்தாள். முப்பதாம் திகதி செம்மஞ்சள் சட்டை போட்டுவர வேண்டுமாம். போன வருடத்துச் சட்டை கை ஏறவில்லை. "ஏன் இந்த நிறம்?" என்றேன். "ஒரு பிள்ளையின் சட்டையைப் பறிச்சிட்டினம் அப்பா."

செப்டம்பர் 30

அந்தப் பிள்ளை ஃபிலிஸ் வெப்ஸ்டட். ஆறு வயதில், பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில், பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளி ஒன்றுக்குப் போனவர். உள்ளே நுழைந்ததும் உருவி எடுத்தார்கள், திருப்பித் தரவேயில்லை. அது 1973, என் அக்கா பிறந்த வருடம். நான் இதைக் கறுப்பு வெள்ளைப் படக் காலத்துச் சங்கதி என்றல்லவா நினைத்திருந்தேன்! கனடா முழுவதும் இப்படி 1,50,000 பிள்ளைகளுக்கு மேல். கடைசிப் பள்ளி மூடியதே 1990களின் பின்பாதியில்தான்.

அக்டோபர் 5

பிரான்ட்ஃபோர்ட் போனோம். 1970இல் மூடிய மொஹாக் உறைவிடப் பள்ளி. எந்நேரமும் ஓட்ஸ் கூழ் என்பதால் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'மஷ் ஹோல்'. நம் வாயில் சொன்னால் கூழ்க்குழி. பசியில் தோட்டத்து ஆப்பிளைப் பறித்தால் அடி. வீட்டு மொழி பேசினாலும் அடி.

பின்பக்கச் செங்கற்களில் ஆணியால் கீறியதுபோலப் பெயர்கள், சிலவற்றில் வெறும் எண்கள். பிள்ளைகளை எண் சொல்லியும் கூப்பிட்டார்களாம். சின்னவள் ஓர் எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல இழுத்தாள். அவள் தோள் உயரத்தில் இருந்தது அது.

அக்டோபர் 6

அடி வாங்கியவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவில்லை. பேசினால் அந்தப் பிள்ளைகளுக்கும் அடி விழுமே என்ற பயம். பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்பான சிக்ஸ் நேஷன்ஸில் 1999இலிருந்து பெரியவர்களுக்கென்றே மொஹாக் மொழிப் பள்ளி நடக்கிறது.

'எங்கட பிள்ளையளும் தமிழை விட்டிட்டுதுகள், அதே கதைதான்' என்றார் நண்பர். எனக்கு அது ஒப்பவில்லை. என் வீட்டில் தமிழ் தேய்வதற்குப் பாதிக் காரணம் என் சோம்பல். அங்கே 1920இல் சட்டமே போட்டுப் பிள்ளைகளைப் பிடித்துப்போனார்கள்.

அக்டோபர் 9

மச்சானுக்கு அடுத்த கிழமை குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். முதற்குடிகள், இனுயிட், மெட்டி என்ற கனடாப் பழங்குடி மக்களின் உரிமைகளைப் பற்றிய வரி அதில் 2021இல் சேர்ந்தது. அந்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய உண்மை அறியும் ஆணைக்குழு 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் கடைசி அது. அந்த வரியில் மட்டும் மச்சானுக்கு நாக்குப் புரளவில்லை.

"இவையள் ஆர்?" என்றார்.

சின்னவள் என் போனை எடுத்து, செங்கல் படத்தைத் தேடத் தொடங்கினாள்.