பூல் ஆட்டக்காரருக்கு எது உந்துதல்? பந்தயமா, நோட்டுப் புத்தகமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில், மேசைமேல் குச்சியால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் போடுகிற பூல் ஆட்டத்துக்கென்று இருக்கிற பூல் சென்டருக்குச் சனிக்கிழமை இரவு போனால், "அண்ணே, சும்மா அடிச்சா எப்படி, ஒரு பத்து வெள்ளி வைப்போமா?" என்று யாராவது கேட்பது காதில் விழும். பணம் வைத்தால்தான் கவனம் வரும், நாலு பேர் நின்று பார்த்தால்தான் கை சூடாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போன ஒன்று. அது பாதி உண்மை. யாருக்கு அது உதவும், யாரைக் கெடுக்கும் என்று பிரித்துப் பார்க்காததால், நல்ல கை உள்ள எத்தனையோ பையன்கள் இருபது வயதில் ஆடிய அதே ஆட்டத்தையே முப்பதிலும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் பற்றி பூல் மேசையிலேயே செய்த ஆய்வு ஒன்று உண்டு. 1982-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மாணவர் கூடத்தில் பூல் ஆடுகிறவர்களை முதலில் அவர்களுக்குத் தெரியாமல் கவனித்தார்கள். பிறகு நான்கு பேர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்கள். சராசரிக்கு மேல் ஆடுகிறவர்கள் 71 விழுக்காடு பந்துகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் நின்றதும் அது 80 ஆனது. சுமாராக ஆடுகிறவர்கள் 36-இலிருந்து 25-க்கு இறங்கினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் எந்த சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் இதே கதையைக் கண்ணால் பார்க்கலாம். காரணத்தை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1965-இலேயே சொல்லிவிட்டார்: பக்கத்தில் ஆள் இருந்தால், நம்மிடம் எந்தப் பழக்கம் அழுத்தமாகப் பதிந்திருக்கிறதோ அதுதான் முந்திக்கொண்டு வெளியே வரும். பதிந்தது நல்ல அடி என்றால் நல்ல அடி வரும். பதிந்தது அவசரமும் தோளை இழுக்கிற பழக்கமும் என்றால் அதுதான் வரும்.

"பிலிப்பைன்ஸ்காரன் எல்லாம் பணம் வைத்து ஆடித்தானே வந்தான்?" என்று உடனே கேட்பார்கள். சரி, எஃப்ரென் ரெய்ஸையே எடுத்துக்கொள்வோம். 1999-இல் கார்டிஃபில் உலக நைன்-பால் (ஒன்பது பந்து ஆட்டம்) பட்டம், 2004-இல் உலக எய்ட்-பால் (எட்டாம் பந்தைக் கடைசியாகப் போடுகிற ஆட்டம்) பட்டம். மணிலாவில் மாமாவின் பூல் கூடத்தில், மேசை உயரத்துக்கு எட்டாத வயதிலேயே பெட்டி மேல் ஏறி நின்று ஆடியவர் அவர். பெரிய பந்தயத்துக்கு வரும்போது அடி கையோடு ஒட்டியிருந்தது. பந்தயம் அதை வெளியே எடுத்தது, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு இரவு ஆடுகிற நம்ம பையனிடம் வெளியே எடுக்க இன்னும் எதுவும் சேரவில்லை.

பணத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. எட்வர்ட் டெசி 1971-இல் மாணவர்களிடம் புதிர் கட்டைகளைக் கொடுத்து, சிலருக்கு மட்டும் தீர்க்கத் தீர்க்கக் காசு கொடுத்தார். காசு நின்றதும், வாங்கிப் பழகியவர்களுக்குப் புதிர்மேல் இருந்த ஆர்வம் குறைந்தது. சென்டரில் இது அப்படியே நடக்கிறது. பந்தயம் இல்லாத நாளில் குச்சியைத் தொடவே சலிக்கிறது. தனியாகப் பயிற்சி செய்வது வீண்செலவாகத் தோன்றுகிறது. ஆட்டம் நின்றுபோவது அங்கேதான்.

அப்படியானால் எதை வைத்து முன்னேறுவது? தேசிய அணி, சீ விளையாட்டு (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) என்று கனவு காணலாம். 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டிலேயே பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் பிரிவு இருந்தது. ஆனால் அவ்வளவு தூரத்தில் இருக்கிற கனவு இன்று இரவு அடிக்கப்போகிற பந்துக்கு ஒன்றும் செய்யாது. போன வாரம் 17, இந்த வாரம் 20 என்று ஒரு எண் கண்முன் நின்றால், அது அடுத்த வாரமும் மேசைக்கு இழுத்து வரும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், மேசையில் போட்டால் ஒரு ஆட்டத்துக்குப் பந்துகளை விடுகிற ஒரு டோக்கனும் போதும்.

நம்ம ஊர்க் கடைகளில் இருப்பது பெரும்பாலும் 7 அடி டோக்கன் மேசை. விழுந்த பந்து திரும்பி வராது என்பதால் அதில் பயிற்சியே முடியாது என்கிறார்கள். முடியும். ஒரு டோக்கனுக்கு 15 பந்து, அதாவது 15 முறை அடிக்கலாம். மேசையின் நட்டநடுவில் ஒரு பந்தை வையுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகிற கோட்டில், அந்த மூலைக்கும் நடுப்பந்துக்கும் சரிபாதியில், குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்து. நடுப்பந்தை எதிர்மூலைப் பாக்கெட்டில் நேராகப் போட வேண்டும். பந்து விழுந்தால் 1 புள்ளி. வெள்ளைப் பந்து மோதிய இடத்திலிருந்து ஒரு பந்தின் அகலத்துக்குள் நின்றால் இன்னொரு புள்ளி. விழாத பந்தைக் கையால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பந்துக்குப் போங்கள், திரும்ப அடிக்கக் கூடாது. மொத்தம் 30. தேதி போட்டு எழுதுங்கள்.

இந்த ஒரே அடி நம் குறை அத்தனையையும் காட்டிக்கொடுக்கும். மோதிய பிறகு வெள்ளைப் பந்து முன்னே உருண்டால், மையத்துக்குக் கீழே போதுமான அளவு இறங்கி அடிக்கவில்லை, அல்லது மெதுவாக அடித்ததால் பின்சுழற்சி போகிற வழியிலேயே துணியில் தேய்ந்துவிட்டது. பின்னே வந்தால் தேவைக்கு மேல் கீழே அடித்திருக்கிறீர்கள். பக்கவாட்டில் நழுவினால் மோதல் முழுமையாக இல்லை. நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினால், தெரியாமலே பக்கச்சுழற்சி கொடுத்திருக்கிறீர்கள். நேரான அடியில் பந்து தவறுவதற்கு நான் பார்த்தவரையில் இதுதான் முதல் காரணம். சில டோக்கன் மேசைகளில் வெள்ளைப் பந்து மற்றப் பந்துகளைவிடக் கனமாக இருக்கும். அது மோதிய பிறகும் முன்னே தள்ளிக்கொண்டு போகும் என்பதால் இன்னும் கொஞ்சம் கீழே அடிக்க வேண்டும்.

எண் 22-ஐத் தாண்டியதும் ஆவியோடு ஆடத் தொடங்கலாம். எதிராளி கண்ணுக்குத் தெரியாத ஒருவர், அவர் தவறவே மாட்டார். மூன்று பந்தை மேசையில் உருட்டிவிட்டு, வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து, எண் வரிசையில் போடுங்கள். மூன்றும் விழுந்தால் உங்களுக்கு ஒன்று, ஒன்று தவறினாலும் அவருக்கு ஒன்று. முதலில் 7 எடுத்தவர் வெற்றி. இங்கே எல்லாரும் செய்கிற தப்பு, எடுத்த எடுப்பிலேயே ஒன்பது பந்தில் தொடங்குவது. 7-0 என்று தொடர்ந்து தோற்றால் யாருக்குத்தான் திரும்ப வர மனம் வரும்? 7-5, 5-7 என்று முட்டிமோதுகிற அளவே சரியான அளவு. மூன்று பந்தில் தொடர்ந்து ஜெயித்தால் நான்குக்குப் போங்கள்.

எண் திடீரென்று விழும் நாள்களும் வரும். சாயங்காலம் மழை கொட்டி, கதவு திறந்தே கிடக்கிற கடையில் துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பந்து கனத்துப்போன மாதிரி மெதுவாக ஓடும். பந்தில், குச்சி நுனியில் தடவுகிற சாக் தூளும் அழுக்கும் ஏறியிருந்தால் மோதும்போது ஒட்டிக்கொண்டு கோடு மாறும். கை வேர்த்தால் குச்சி விரலில் வழுக்காமல் விக்கும். குச்சியை உலர்ந்த துணியால் துடையுங்கள், அல்லது கையுறை போடுங்கள். பவுடரை அள்ளிப் பூசினால் அது துணிக்கும் பந்துக்கும்தான் போய்ச் சேரும். எண்ணுக்குப் பக்கத்தில் "மழை", "அழுக்குப் பந்து" என்று ஒரு சொல் எழுதி வைப்பது சின்ன வேலைதான். அது இல்லாவிட்டால் மேசையின் குறையைத் தன் குறை என்று நினைத்து மனம் விட்டுப்போகும்.

இப்போது நெருக்கடி நேரம். கடைசியாகப் போட வேண்டிய எட்டாம் பந்து மட்டும் மிச்சம், சுற்றிலும் ஆள். அந்த நேரத்தில் "ஜெயிக்கணும், ஜெயிக்கணும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டால் கை இறுகும். ஒவ்வொரு அடிக்கும் ஒரே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். நின்றபடியே சாக் போட்டு, வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும் என்று முடிவெடுங்கள். கோட்டுக்கு நேர் பின்னால் நின்று குனியுங்கள். மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டிப்பார்த்து, ஒரு கணம் நிறுத்துங்கள். கண் போடப்போகிற பந்தில் அசையாமல் நிற்கட்டும். பிறகு அடி. பந்து விழும் சத்தம் கேட்கும்வரை நிமிரக் கூடாது. 2002-இல் வந்த ஒரு ஆய்வில், பில்லியர்ட்ஸில் திறமையானவர்களின் கடைசிப் பார்வை மற்றவர்களுடையதைவிட நீளமாக நின்றது. அடி கடினமாக ஆக ஆக அது இன்னும் நீண்டது. குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் எழுந்து, முதலிலிருந்து தொடங்குங்கள். குனிந்தபடியே குறியை மாற்றி அடித்த பந்து விழுவது அபூர்வம்.

சுற்றி நிற்கிறவர்களுக்கும் ஒன்று. தம்பி ஒருவன் குனிந்திருக்கும்போது "டேய், ஈசி பந்துடா" என்று சொல்லாதீர்கள். விழுந்தால் அவனுக்குப் பெருமை இல்லை, விழாவிட்டால் அவமானம். ஆட்டம் முடிந்த பிறகு, "அந்த ஏழாம் பந்துக்கு வெள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினது நல்ல முடிவு" என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். "உனக்குக் கை நல்லாருக்கு" என்ற பொதுப் பாராட்டைவிட அது அவனை அடுத்த நாள் மேசைக்குக் கொண்டுவரும்.

ஈப்போவுக்குப் போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே 9 அடி மேசை, ஆடுகிற பரப்பு 100 அங்குலத்துக்கு 50. போட்டி அளவில் மூலைப் பாக்கெட்டின் வாய் 4.5 முதல் 4.625 அங்குலம்தான்; நம்ம டோக்கன் மேசையில் தாராளமாக உள்ளே போகிற பந்து அங்கே வாயில் தட்டி நிற்கும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், அதே நேரான அடியை அங்கே 15 முறை அடித்து எண்ணை எழுதுங்கள். 30-க்கு 22 எடுக்கிறவர் 13 எடுத்தாலும் கலங்க வேண்டாம். அந்த மேசையில் அன்றைக்கு அதுதான் உங்கள் தொடக்க எண். முதல் ஆட்டத்தில் நீண்ட அடிகளைக் குறைத்து, வெள்ளைப் பந்தைப் பக்கத்தில் வைத்து ஆடுங்கள்.