கடற்கரை இல்லாத மாவட்டத்திலிருந்து ஒரு கடற்கரை ஆய்வு

எங்கள் பள்ளி காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பசுமைப்படை மாணவர்கள் இருபத்திரண்டு பேரைத் தொண்டிப் பக்கத்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, கரையோரக் கடற்புல் திட்டுகளைக் கணக்கெடுக்கவும் மீனவர் குடும்பங்களிடம் கேட்டு எழுதவும் அனுமதி வேண்டி ஜூன் மாதத்தில் மனுக் கொடுத்தேன். அனுமதி கைக்கு வந்தது ஜனவரி இரண்டாம் வாரத்தில். இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் மனு ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தது. சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது என்பதால் திட்டத்தின் தேவை விளங்கவில்லை என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார்கள். நேரில் போய்க் கேட்டபோது அந்தப் பிரிவின் எழுத்தர் கோப்பைப் பிரிக்காமலே, "உங்க ஊர்ல கண்மாய் இருக்கு, ஊருணி இருக்கு, அதைப் பாருங்களேன் மேடம்" என்றார். அந்தச் சொல் இன்றும் எனக்கு வலிக்கிறது. நம் கண்மாய்கள் நிரம்பி வழிகிற நீர் மணிமுத்தாறு, பாம்பாறு வழியாகப் பாக் விரிகுடாவுக்குத்தான் போகிறது. செட்டிநாட்டுத் தெருவில் எறிந்த பை அந்த நீரோடு போய்க் கடற்புல்லின் மேல் படிகிறது. கடற்கரை இல்லாத மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் இதைக் கண்ணால் காட்ட வேண்டும். இரண்டாவது மனுவில் விளக்கம் எழுதியதோடு நிறுத்தாமல், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எங்கள் ஊர்க் கண்மாயின் உபரிநீர் வெளியேறும் கலுங்கிலிருந்து கடல் வரைக்கும் நீர் போகும் வழியை வரைந்த படத்தையும் இணைத்தேன். அந்தப் படத்துக்குப் பிறகு யாரும் தேவை என்ன என்று கேட்கவில்லை. உள்நாட்டுப் பள்ளிகள் மனுவின் முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு படத்தை வைத்துவிடுவது நல்லது.

அடுத்து வனத்துறையிடமிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட, 448 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, கடற்புல்லை மேயும் கடற்பசுவுக்கான காப்பகம் பாக் விரிகுடாவில்தானே இருக்கிறது, நாங்கள் போகும் கரையும் அதில் அடங்கும் என்று நம்பிப் புதுக்கோட்டைக்குப் போனேன். அதற்கு முன் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டபோதும் நேரில் வரச் சொன்னார்களே தவிர, எந்தக் கரை என்று கேட்கவில்லை. பிற்பகல் மூன்று மணி வரை காத்திருந்த பிறகு, காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு உட்பட்டது, தொண்டி இராமநாதபுரம் மாவட்டம், அங்கே போங்கள் என்றார்கள். ஒரு நாள் விடுப்பு வீணாயிற்று. கரையோர ஊரின் பெயரை வைத்து மாவட்டத்தையும் வனச்சரகத்தையும் உறுதி செய்துகொண்ட பிறகே பேருந்து ஏறுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் படிவமும் ஒரு முறை திரும்பியது. "கடலில் இறங்கி" என்று எழுதியிருந்தேன். "முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத நீரில், ஆசிரியர் துணையோடு" என்று மாற்றி, இருபத்திரண்டு வீடுகளிலும் மறுபடி கையெழுத்து வாங்கினேன். கடலோரக் காவல் நிலையத்தில் தகவல் கொடுப்பது பத்து நிமிடத்தில் முடிந்தது.

அனுமதி வந்ததும் இடம் பார்த்துவர ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கரையில் வல்லங்கள் எல்லாம் ஏற்றிக் கிடந்தன. ஆள் நடமாட்டமே இல்லை. வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு பாட்டி மட்டும் உட்கார்ந்திருந்தார். "ஞாயித்துக்கெழமை யாரு டீச்சரம்மா கடலுக்குப் போவா? எல்லாரும் பூசைக்குப் போயிருக்காக" என்றார். நமக்கு விடுமுறை நாள் என்பதற்காகப் போகாமல், அந்த ஊரின் வழக்கத்தைக் கேட்டு நாள் குறிக்க வேண்டும். மழைக் காலத்தில் நீர் கலங்கியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் வராது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரைதான் எங்களுக்கு ஒத்துவந்தது.

என்னை அதிகம் வருத்தியது அலுவலகங்கள் அல்ல, நானே தயாரித்த வினாத்தாள். "கடற்புல் குறைந்திருக்கிறதா?" என்று அச்சடித்துக்கொண்டு போனோம். கரையில் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. பலர் அதைப் பாசி என்றே புரிந்துகொண்டு பதில் சொன்னார்கள். பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்குப் பாசி என்பது வேறு. வேரும் பூவும் உள்ள கடற்புல்லும் வேரில்லாத கடற்பாசியும் ஒரே விடைக்குள் கலந்துபோனதால் முப்பத்தாறு தாள்களை ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. மறுமுறை வினாத்தாளோடு செடியையே காட்டிக் கேட்டோம். அதற்காகவும் ஒன்றையும் பிடுங்கவில்லை, கரையில் ஒதுங்கியதைக் காட்டிவிட்டு அங்கேயே போட்டோம். ஒரு சங்கைக்கூடப் பையில் போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லுங்கள். சில இனங்கள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன.

கணக்கெடுப்பு சிக்கலில்லாமல் நடந்தது. பிளாஸ்டிக் குழாயை அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரமாக இணைத்து நீருக்குள் வைத்து, உள்ளே இருப்பதைக் குனிந்து எண்ணினார்கள். ஒரு சதுரத்துக்குள் புல்லின் இலைகளைச் சுற்றிக்கொண்டு ஒரு ஷாம்பு உறை கிடந்தது. படம் வரைந்த அதே மாணவி அதைக் கையில் எடுக்காமல், "மிஸ், இதையும் எண்ணணுமா?" என்று கேட்டாள். எண்ணச் சொன்னேன், அன்றே பதிவேட்டில் குப்பைக்கென ஒரு பத்தி சேர்த்தோம். அதன் பிறகுதான் அதை வெளியே எடுத்தோம்.

முடிவுகளைப் பள்ளிக் கண்காட்சியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மார்ச் மாதம் ஒரு நாள் மாலை, ஊர்த் தலைவரின் ஒப்புதலோடு வலைக்கூடத்தில் வரைபடத்தை விரித்தோம். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்ந்ததைச் சிறுவயதில் பார்த்ததாகச் சொன்ன ஒரு பெரியவர், புல் அடர்ந்திருந்த இரண்டு இடங்களை நாங்கள் விட்டுவிட்டோம் என்று விரலால் காட்டினார். அவர் சொன்ன இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம். அவற்றுக்கான மனுவை இந்த முறை படத்தோடு சேர்த்து ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டேன்.