முப்பது செக்கன்

பெப்ரவரி 3

அம்மாவை வவுனியாவிலிருந்து மாலையில் கூட்டிவந்தேன். ஓமந்தை தாண்டியும் அவர் ஒன்றும் பேசவில்லை. ஏ9 வீதியின் ஓரத்தில் நெல் காயப்போட்டிருந்த இடத்தில் மட்டும் "மெல்லப் போ, மோனை" என்றார்; அதுவும் நெல்லுக்காகச் சொன்னது. இரண்டு வாரத்தில் மறுபடியும் இரத்தம் பார்க்க வேண்டும். கனகராயன்குளத்து வீட்டில் மேசை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, விடுமுறையும் இருக்கிறது. விமானப் பரிசோதகனாக நான் இருந்து பார்த்த பறப்பைப் பற்றிய அறிக்கையை எழுதாமல் இருப்பதற்கு இனிக் காரணம் இல்லை.

பெப்ரவரி 4

நான்கு வரி எழுதி, நான்கையும் அழித்தேன்.

பெப்ரவரி 5

நடந்ததை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். படிவம் கேட்கும் மொழியில் எழுதினால் அது நடக்காதது போல ஆகிவிடுகிறது.

விமானிகள் இருவருக்கும் பின்னால், ஜம்ப் சீட் என்ற கூடுதல் இருக்கையில், காதில் ஹெட்செட்டுடன் இருந்தேன். தெளிவான வானம், குறைந்த காற்று. இறங்குமுகத்தில் ஒரு விமானம் மேகத்துக்குள் வந்தால் 1000 அடியிலும், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் வானிலையில் 500 அடியிலும் நிலைப்பட்டிருக்க வேண்டும். அதாவது வேகம், இறங்கும் வீதம், சக்கரம், இறக்கையின் ஃபிளாப் மடிப்புகள், சரிபார்ப்புப் பட்டியல் எல்லாம் ஒழுங்குக்கு வந்து, அதன் பிறகு சிறு திருத்தங்கள் மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் மேலெழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வர வேண்டும். அன்று 500 அடியில் வேகம் 18 நொட் (மணிக்கு 18 கடல்மைல்) கூடுதலாக இருந்தது. அந்த விமான நிறுவனத்தின் கைநூல் 10 நொட் வரைதான் விடும். இறங்கும் வீதம் நிமிடத்துக்கு 1200 அடி. கைநூல் 1000 வரைதான் விடும். துணை விமானி "ஸ்பீட்" என்றார். ஒருதரம்தான் சொன்னார். கப்டன் "கரெக்டிங்" என்றார். அங்கிருந்து சக்கரம் தரையைத் தொடும்வரை ஏறத்தாழ 30 செக்கன். தொட்டது தெரியாமல் தொட்டார். எஞ்சின்களை நிறுத்திய பின் திரும்பி, "தேத்தண்ணி குடிப்பமா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு விமானம் இறக்கக் கற்றுத்தந்தவர் அவர். அதையும் எழுதிவைக்கிறேன், படிவத்தில் அதற்கு இடமில்லை.

பெப்ரவரி 6

பக்கத்து வளவு அண்ணை வந்து திண்ணையில் இருந்து, "பிளேன் விழுந்தால் ஏன் விழுந்ததெண்டு கண்டுபிடிக்கிற வேலைதானே உமக்கு?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு அரை மணி நேரம் எடுத்தது. விழுந்த பிறகு வருபவர்கள் வேறு ஆட்கள். சர்வதேசப் பறப்புக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு அவர்களுக்கு உரியது, அவர்கள் பழி சுமத்துவதற்காக விசாரிப்பதில்லை. நான் விழாத விமானங்களைப் பார்ப்பவன். உரிமங்கள், மருத்துவச் சான்றுகள், பாரக் கணக்குத் தாள், பணிநேர அட்டவணை, பழுதோடு பறக்கலாம் என்று விட்டிருக்கும் பட்டியலில் எந்தப் பழுதுக்கு 3 நாள், எதற்கு 10 நாள், எதற்கு 120 நாள் தவணை என்பவை எல்லாம் என் வேலை. பிறகு இப்படி ஓர் இருக்கையில் வாயை மூடிக்கொண்டு இருப்பதும்.

அண்ணைக்கு அது பிடிபடவில்லை. இரணைதீவுக் கடலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்டனோவ் பயணிகள் விமானத்தில் 55 பேர் இருந்தார்கள். 14 வருடங்கள் கழித்து, 2012இல்தான் அந்தக் கடலடியில் சிதைவுகளைக் கண்டார்கள். அந்த 55 பேரில் ஒருவரை அவருக்குத் தெரியும். அதன் பிறகு நான் என் வேலையை விளக்கவில்லை.

பெப்ரவரி 7

அம்மா கஞ்சி குடித்தார். உப்பில்லை என்று திட்டினார். நல்லது.

பெப்ரவரி 8

மங்களூர் விமான விபத்தின் விசாரணை அறிக்கையை மறுபடியும் எடுத்தேன். 2010 மே 22, மேசைபோல உயர்ந்த நிலத்தில் ஓடுபாதை, 158 பேர் இறந்தார்கள், 8 பேர் தப்பினார்கள். கப்டன் வழியில் 1 மணி 40 நிமிடம் தூங்கியிருந்தார் என்பதைத்தான் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. நான் திரும்பத் திரும்ப வாசிப்பது வேறோர் இடம்: மேலெழச் சொல்லித் துணை விமானி மூன்றுதரம் சொல்லியிருக்கிறார். கப்டன் தொடர்ந்து இறங்கியிருக்கிறார். மூன்றுதரம் சொல்லியும் அப்படியானால், ஒருதரம் "ஸ்பீட்" என்பது என்ன? அது எச்சரிக்கைகூட அல்ல, மரியாதை. எங்கள் ஊர்களில் பெரியவர் பிழையாக ஒன்றைச் சொல்லும்போது தொண்டையைச் செருமுவோமே, அந்த அளவு.

பெப்ரவரி 9

இரவு மூன்று மணி. ஸ்பீட்.

பெப்ரவரி 11

என்னைத் தவிர இதற்குச் சாட்சி இல்லை என்பதை இன்று ஒழுங்காகக் கணக்குப் பார்த்தேன். 27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களுக்குத்தான் பறப்புத் தரவுப் பகுப்பாய்வு கட்டாயம். இது அதற்குக் குறைந்த எடை. குரற்பதிவுக் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழையதன்மேல் எழுதிக்கொண்டு போகும். திரும்பும் பயணத்திலேயே அந்த "ஸ்பீட்" அழிந்திருக்கும். மிஞ்சுவது என் குறிப்புப் புத்தகத்தில் சாய்ந்த கையெழுத்தில் 500, +18, 1200 என்ற மூன்று எண்கள்.

இந்தக் கப்டன் ஒருவரைப் பற்றிய கதையாக இது இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பறப்புப் பாதுகாப்பு அறக்கட்டளை செய்த ஆய்வின்படி, நிலைப்படாத இறங்குமுகங்களில் நூற்றுக்கு மூன்றளவில்தான் விமானிகள் மேலெழுகிறார்கள். மற்றவர்கள் இறங்கிவிடுகிறார்கள், பெரும்பாலும் நன்றாகவே இறங்குகிறார்கள். நன்றாக இறங்கியதுதான் அடுத்த தடவையும் இறங்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. தேத்தண்ணிக்கு அழைத்தபோது அவர் முகத்தில் பொய் இல்லை. எதுவும் நடக்கவில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

பெப்ரவரி 12

பின்னேரம் வடக்கே ஒரு விமானம் போனது. அம்மா பாயிலிருந்தபடி, "உது சின்னன். ரெண்டு விசிறி" என்றார். சரி. போர்க்காலத்தில் சியாமாச்செட்டியையும் அவ்ரோவையும் கிபிரையும், வண்டு என்ற ஆளில்லா வேவு விமானத்தையும் சத்தத்தால் பிரித்தறிந்த காது. சிறுநீரகம் பழுதான பிறகும் அந்தக் காது பழுதாகவில்லை.

ஒரு கணக்கு மனதில் ஓடியதால் கேட்டேன்: "அம்மா, எத்தனை தரம் பங்கருக்குள் சும்மா இறங்கியிருப்போம்? ஒன்றும் விழாமல்?" அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "ஆர் எண்ணினது?" என்றார். சத்தம் கேட்டால் உலையை அப்படியே விட்டுவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு இறங்குவார். பிறகு ஏறிவந்து கரிந்த சோற்றைச் சுரண்டுவார். கரிந்த சோற்றுக்காக யாரும் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை.

விளக்கம். அந்த நிறுவனத்தின் கோப்பில் பார்த்த ஒரு படிவம் இப்போது நினைவுக்கு வருகிறது. நாளைக்குத் தேட வேண்டும்.

பெப்ரவரி 13

மடிக்கணினியில் இருந்தது. மேலெழுந்தால் கப்டன் நிரப்ப வேண்டிய விளக்கப் படிவம், மூன்று பக்கம்: ஏன், எவ்வளவு எரிபொருள், எத்தனை நிமிடத் தாமதம், தவிர்த்திருக்க முடியுமா. நிலைப்படாமல் இறங்கினால் நிரப்ப வேண்டியது எதுவுமில்லை. பதிவேட்டில் ஒரு கையொப்பம். மூன்று பக்கத்துக்கும் ஒரு கையொப்பத்துக்கும் நடுவில், நாளின் நான்காவது பறப்பில், 500 அடியில் ஒரு மனிதர். இந்தப் படிவத்தை நான் சென்ற வருடமே பார்த்திருக்கிறேன். ஒழுங்காகக் கோப்பிட்டிருக்கிறார்கள் என்று பாராட்டி எழுதியும் இருக்கிறேன்.

பெப்ரவரி 14

இதுவரை சுற்றிக்கொண்டு நின்றேன். இன்று எழுதுகிறேன்.

1977 மார்ச் 27, தெனரிஃப் தீவு. ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனிக்குள் அனுமதி கிடைக்குமுன் கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியபோது, பின்னால் இருந்த பறப்புப் பொறியியலாளர், அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கப்டன் அழுத்திச் சொன்னார். அதற்கு மேல் பொறியியலாளர் கேட்கவில்லை. ஆனாலும் ஒருதரம் கேட்டார்.

நானும் பின்னால் இருந்தவன். எண்கள் எனக்கும் தெரிந்தன. அவர்கள் இருவரையும்விட எனக்கு வேலையும் குறைவு. ஆபத்து என்று கண்டால் பேசும் அதிகாரம் என் சட்டைப்பையில் அட்டையாக இருக்கிறது. ஆனால் நான் குறிப்புப் புத்தகத்தில் +18 என்று எழுதிக்கொண்டிருந்தேன். கண்காணிப்பவர் குறுக்கிடக் கூடாது, குறுக்கிட்டால் இயல்பான நடத்தை தெரியாது என்று பயிற்சியில் சொன்னார்கள். அது நியாயம்தான். ஆனால் அந்த 30 செக்கனில் எனக்கு அந்த நியாயம் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது, அவர் என் ஆசிரியர் என்பது.

இன்று வளவில் நின்று, மேலெழச் சொல்லும் அந்த அழைப்பைச் சொல்லிப் பார்த்தேன். "கோ அரௌண்ட்." ஒரு செக்கன்கூட ஆகவில்லை. அம்மா உள்ளிருந்து, ஆரோடு பேசுகிறாய் என்று கேட்டார்.

பெப்ரவரி 15

அறிக்கையை அனுப்பினேன். தவணைக்குள் திருத்த வேண்டிய இரண்டாம் நிலைக் குறைபாடு. கடைசிப் பந்தியில் பரிசோதகரும் பேசவில்லை என்று எழுதினேன்.

பெப்ரவரி 16

மேலதிகாரி தொலைபேசியில் பேசினார். கோபப்படவில்லை. அந்தப் பந்தியை எந்தக் கட்டத்துக்குள் போடுவது என்றுதான் கேட்டார்.

பெப்ரவரி 17

வவுனியா. ஐந்து மணிக்கே வெளிக்கிட்டோம். புளியங்குளம்வரை பனி, முன்னால் போன உழவு இயந்திரத்தின் சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இரத்தப் பரிசோதனை எண் சற்றுக் கூடியிருக்கிறது. இன்னும் பார்ப்போம் என்றார் மருத்துவர். எந்த எண்ணுக்கு மேல் பார்க்க மாட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

பெப்ரவரி 19

நிறுவனத்தின் பதில் விரைவாகவே வந்துவிட்டது, அதுவே நல்ல அறிகுறி அல்ல. மூலகாரணம்: கவனக்குறைவு. திருத்த நடவடிக்கை: கப்டனுக்கு ஆலோசனை வழங்கப்பட்டது, துணை விமானிக்கு, விமானி அறையில் குரல்கொடுத்து எச்சரிக்கும் முறைகளில் மறுபயிற்சி. கவனக்குறைவு மூலகாரணம் என்றால் உலகத்துக் குறைபாடுகளை எல்லாம் ஒரே பக்கத்தில் மூடிவிடலாம். எல்லாரிலும் இளையவர், வாய் திறந்த ஒரே ஆள், மறுபயிற்சிக்குப் போகிறார். நான் எழுதியதுதான் அவரை அங்கே அனுப்புகிறது.

ஏற்கவில்லை என்று திருப்பி எழுதினேன். சென்ற 12 மாதங்களில் எத்தனை தடவை மேலெழுந்தார்கள், அத்தனை பேரும் அந்த மூன்று பக்கத்தை நிரப்பினார்களா, நிரப்பியவர்களுக்கு என்ன பதில் போனது, இந்த மூன்றையும் கேட்டிருக்கிறேன். படிவத்தின் பிரதியையும், அதைப் பாராட்டிய என்னுடைய பழைய கடிதத்தின் பிரதியையும் இணைத்தேன்.

பெப்ரவரி 20

கப்டனிடமிருந்து அழைப்பு இல்லை. அழைக்க மாட்டார்.

பெப்ரவரி 21

காலையில் அம்மாவைக் கிணற்றடியில் இருத்தித் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி திண்ணையில் அடித்து நின்றது. துணை விமானியின் இலக்கம். அம்மாவின் தலையைத் துவட்டி, உள்ளே கூட்டிவந்து இருத்திவிட்டேன். இப்போது எடுக்கப் போகிறேன்.