வெளிநாட்டு அன்லாக் போன்: நாலு கோடு சிக்னலை மட்டும் நம்பாதீர்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டிலோ வெளிநாட்டு போன் கேட்டால், கடைக்காரர் தன் ஏர்டெல் சிம்மைப் போட்டு நாலு கோடு சிக்னலைக் காட்டி, "எந்த சிம்மும் ஓடும் சார்" என்பார். அதோடு பணத்தை எடுத்து நீட்டிவிட வேண்டாம். ஜியோ ஒன்று, ஏர்டெல் ஒன்று, சிம் ஊசி ஒன்று, இந்த மூன்றும் இல்லாமல் நாங்கள் கடை ஏறுவதில்லை.

ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் 'கேரியர் லாக்' (ஒரே மொபைல் கம்பெனியின் சிம் மட்டும் ஓடும்படி போடும் பூட்டு) வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். 'சிம் லாக்டு' என்று இருந்தும் சிக்னல் வருகிறதா? ட்ரேயை வெளியே எடுங்கள். சிம்மோடு ஒட்டிக்கொண்டு காகித கனத்தில் ஒரு சிப் வரும். ஆர்-சிம் என்பது இதுதான். உள்ளே இருப்பது பூட்டிய கம்பெனியின் சிம்தான் என்று போனிடம் பொய் சொல்வதுதான் இதன் வேலை. அடுத்த அப்டேட்டிலோ ரீசெட்டிலோ படுத்துவிடலாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

சாம்சங்கின் அமெரிக்க மாடல்களில் எண் 'யூ1' என்று முடிந்தால் பூட்டில்லாமல் விற்றது. வெறும் 'யூ' என்றால் கம்பெனி வழியாக வந்தது. 'யூ' மாடலையும் முறைப்படி திறந்திருக்கலாம். திறக்காவிட்டால் நம்மூர் சிம் போட்டதும் அன்லாக் பின் கேட்கும். குத்துமதிப்பாக எதையும் அடிக்காதீர்கள். தவறான முயற்சிகளுக்கு வரம்பு உண்டு.

அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டு வரும் போனென்றால், அவர் பிளைட் ஏறும் முன்பே அன்லாக் கேட்கச் சொல்லுங்கள். முறையான அன்லாக் பூட்டிய கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும். அங்கத்து மொபைல் கம்பெனிகளில் ஏடி அண்ட் டி, தவணை முழுக்கக் கட்டி 60 நாள் ஓடியிருக்க வேண்டும் என்கிறது. டி-மொபைல் போஸ்ட்பெய்டில் 40 நாள். பாக்கி இருந்தால் பேச்சே இல்லை.

இனி பலர் கோட்டைவிடும் இடம். ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. குரலும் 4ஜி வழியாக, வோல்ட்இ ஆகத்தான் போக வேண்டும். பூட்டே இல்லாத ஆண்ட்ராய்டு போனிலும் இந்திய வோல்ட்இ அமைப்பு இல்லையென்றால் யூடியூப் ஓடும், கால் மட்டும் போகாது. ஏர்டெல்லில் இது வெளியே தெரியாது, கால் சத்தமில்லாமல் 2ஜிக்கு இறங்கிவிடும். கடைக்காரர் ஏர்டெல் சிம்மை நீட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ! வைஃபையை அணைத்து ஒரு கால் போடுங்கள். எதிரில் எடுத்ததும் மேலே பாருங்கள்: 4ஜி, 5ஜி, எல்டிஇ இவற்றில் ஒன்று நின்றால் சரி. 'இ' (2ஜியின் குறி) வந்தால் வோல்ட்இ இல்லை.

பேண்ட் (சிக்னல் வரும் அலைவரிசை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்) விஷயம் நகரத்தில் பிடிபடாது. ஜியோவின் 4ஜி பேண்டுகள் 3, 5, 40. ஏர்டெல் 1, 3, 8, 40. அல்சூரில் 3ம் 40ம் இருந்தாலே ஜாம்ஜாமென்று ஓடும். சுவர் தாண்டி உள்ளே வருவதும், ஓசூர் தாண்டி ஊர்ப்பக்கம் கை கொடுப்பதும் 850, 900 மெகாஹெர்ட்ஸ், அதாவது 5, 8. பிஎஸ்என்எல் போடுவதாக இருந்தால் 28 கட்டாயம். 5ஜிக்கு என்78. ஒரே பெயரில் நாட்டுக்கொரு மாடல் விற்பதால், போனின் பெயரை விட்டுவிட்டு மாடல் எண்ணை முழுதாகப் போட்டுத் தேடுங்கள்.

பணம் கொடுக்குமுன் *#06# அடித்து ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) எடுத்து, ஆங்கிலத்தில் கேஒய்எம், ஓர் இடைவெளி, 15 இலக்க எண் என்று 14422க்கு அனுப்புங்கள். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட் என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதல் சிம் ட்ரே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம்தான். கடையில் நம் சிம்மைப் போட்டுப் பார்க்க வழியில்லை, 'கேரியர் லாக்' வரி ஒன்றுதான் சாட்சி. இருக்கும் நம்பரை இசிம்முக்கு மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நின்றுவிடும், வங்கி ஓடிபியும் வராது. வாடகை அனுப்பும் நாளிலும், ஊருக்கு தத்கால் போடும் நாளிலும் மாற்றாதீர்கள்.