இடைக்காட்டூரில் அம்மாவின் பென்சில் குறிப்பு

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது புது வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்காக ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட அட்டைகளை, தட்டில் வைத்து நீட்டுவார்கள். பார்க்காமல் ஒன்று எடுக்க வேண்டும். போன வருடம் அம்மாவுக்கு வந்தது சங்கீதம் 91:16. “நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி...” வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஆகஸ்டில் அடக்கம் செய்தோம். 61 வயது.

அட்டை என் பர்ஸில் இருந்தது. கிழிக்க மனசில்லை, நம்பவும் முடியவில்லை.

கூட வேலை பார்க்கும் தம்பி கத்தோலிக்கர். “செபிக்கலைன்னா பரவாயில்லண்ணே, சும்மா கோயிலைப் பார்த்துட்டு வருவோம்” என்று ஒரு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பைக்கில் ஏற்றிக்கொண்டார். (சிஎஸ்ஐக்காரர்களான எங்களுக்கு ஜெபம், கத்தோலிக்கர்களுக்குச் செபம்.) சிலைமான், திருப்புவனம் தாண்டி முத்தனேந்தலில் திரும்பினால் சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூர். சீமைக்கருவேலத்துக்கு மேலே திடீரென்று கூர்கோபுரங்கள். பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்து பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1894-இல் கட்டிய திரு இருதய ஆண்டவர் ஆலயம்.

உள்ளே தம்பி முழங்காலிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையில் அம்மாவின் பைபிள் இருந்தது, எடுத்துப் புரட்டினேன். ஆதியாகமம் 18. பிள்ளை பிறக்கும் என்று கடவுள் வாக்குக் கொடுத்தபோது, கிழவியான தனக்குப் பிள்ளையா என்று ஆபிரகாமின் மனைவி சாராள் உள்ளத்திலே நகைத்த வசனத்தின் ஓரத்தில், பென்சிலில் பொடி எழுத்து: “நானும். 2011.”

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருடம். அந்த வருடம் ஒரு ஞாயிறுகூட அம்மா ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. பாடகர் குழுவில் முன்வரிசை. அவருக்குள் இப்படியொரு சிரிப்பு ஓடியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் முழு அதிகாரத்தையும் படித்தேன். நகைக்கவில்லை என்று சாராள் மறுக்கிறாள். “இல்லை, நீ நகைத்தாய்” என்கிறார் ஆண்டவர். அவ்வளவுதான். சிரித்ததற்காக வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கடவுளின் வாக்கை நம்பி ஊரைவிட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு 75 வயது, மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. பிள்ளையின் பெயருக்கே ‘நகைப்பு’ என்றுதான் பொருள்.

இன்னொன்றும் உறைத்தது. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, பிசாசு இயேசுவிடம் எடுத்துக் காட்டியதும் இதே 91-ஆம் சங்கீதத்தைத்தான். “தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள்” என்று. இயேசு குதிக்கவில்லை. அந்தச் சங்கீதத்தைப் பொய் என்றும் சொல்லவில்லை. அட்டையை லாட்டரிச் சீட்டாக்கியது நான்தான். அம்மா அதை அப்படிப் பிடித்திருந்தாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அந்த வசனத்தின் பின்பாதியை மட்டும்தான் முணுமுணுத்தார்: “என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்.” மூச்சுவாங்குவதால் பாதியை விட்டுவிடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

தம்பி எழுந்து வந்து, “போலாமாண்ணே?” என்றார். பர்ஸிலிருந்து அட்டையை எடுத்தேன். மூலைகள் மடங்கிப்போயிருந்தன. நகத்தால் நீவிவிட்டு, சங்கீதத்தில் வைக்காமல், அந்தப் பென்சில் எழுத்து இருந்த பக்கத்தில் வைத்து மூடினேன்.