நூல் உதிர்ந்தும் நிற்கும் பூக்கள்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'காய்ஃப்'களின் படங்களைத்தான் இந்த வாரம் முழுக்கப் பார்க்கிறேன். 1600-ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்துப் பெண்கள் முடியை மூடி அணிந்த லினன் தொப்பி அது. வசதியான வீட்டுப் பெண்களுடையதில் இடம் விடாமல் பூவேலை: சுருண்டு ஓடும் கொடி, அதற்குள் ரோஜா, ஸ்ட்ராபெரி, வெடித்த பட்டாணிக் காய், நடுவே பூச்சிகள்.

தைக்கும் முறை எவ்வளவு அழகு! ஒரே துண்டுத் துணி. அதை விரித்து வைத்து எம்பிராய்டரியை முடித்த அப்புறம்தான் மடித்து, உச்சியில் தையல் போட்டு, பின்பக்கம் சுருக்குவார்கள். கழுத்தோரம் நாடா கோர்த்து இறுக்கினால் சரி, தலையில் நிற்கும்.

சிலவற்றில் கறுப்புப் பட்டு நூல் மட்டுமே. அந்தச் சாயத்தில் இருந்த இரும்பு நூலையே மெல்ல அரித்துவிட்டது. பல இடங்களில் ஊசித்துளைகளும், அடியில் மையால் வரைந்த கோடுகளும்தான் மிச்சம். எனக்கு அந்தக் கோடுகள் பொக்கிஷம். நூல் இருந்தவரை மறைந்திருந்த வரைந்தவரின் கை இப்போதுதான் தெரிகிறது.

மடித்துத் தைக்காமலே நின்றுபோன காய்ஃப் துணிகளும் உண்டு. எம்பிராய்டரி பழகுகிறவர்கள் அவற்றைக் கட்டாயம் பெரிதாக்கிப் பாருங்கள்.