தெத்துப்பல், 22 மாதம், ஒரு கொதிநீர்

பல்லை வரிசைப்படுத்தப் போட்ட கம்பியைக் கழற்றி மூன்று வாரம் ஆகிறது. நாக்கு இன்னும் பழக்கதோஷத்தில் முன்பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லாமல் ஏமாந்து திரும்புகிறது.

எனக்கு 36 வயதில்தான் துணிச்சல் வந்தது. மேல்வரிசையில் இடப்பக்கம் தெத்துப்பல். கீழே முன்பற்கள் சிங்கப்பூரின் காலை நேர எம்ஆர்டி ரயில் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். "தெத்துப்பல் அதிர்ஷ்டம்டி, அதப் போய் இழுத்துக் கட்டறேங்கற" என்றார் அம்மா. இத்தனை வருஷத்தில் அந்த அதிர்ஷ்டம் எந்தப் பக்கமாக வந்தது என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் இருந்த ஒரு கிளினிக். இலவச ஆலோசனை என்று பலகை. பல் மருத்துவர் என் வாயைப் பார்த்தது ஐந்து நிமிடம். நாற்பது நிமிடம் பேசியது விற்பனைப் பெண். ஒரு கருவியை வாய்க்குள் விட்டுச் சுற்றினார்கள். திரையில் என் வருங்காலச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகித்தான் போனது. அலைனருக்கு (கம்பிக்குப் பதிலாகப் பல்மேல் செட் செட்டாக மாற்றி மாட்டும் நிறமில்லாத உறை) 4,800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், இன்றே கையெழுத்துப் போட்டால் மட்டும் 500 தள்ளுபடி என்றார். 300 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

ராத்திரி ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தபோதுதான் வயிறு கலங்கியது. 9% ஜிஎஸ்டி தனி. எக்ஸ்ரே தனி. பல் பிடுங்க வேண்டி வந்தால் தனி. முதல் செட் முடிந்தும் பல் சரியாக வரவில்லை என்றால் மறுபடி செய்யும் செட் தனி. பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கக் கடைசியில் போடும் ரிடெய்னரும் தனி. கூட்டிப் பார்த்தால் தள்ளுபடி போகவே 6,000ஐத் தாண்டியது. தயவுசெய்து இந்த ஐந்தையும் எழுத்தில் வாங்காமல் எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள். "இன்றைக்கு மட்டும்" என்று சொல்லும் தள்ளுபடி அடுத்த மாதமும் இருக்கும். எனக்கே ஃபோன் செய்து சொன்னார்கள்.

அலுவலகத்தில் ஒரு அக்கா, "ஆர்த்தோடான்டிஸ்ட்டப் பாத்தியா, இல்ல பொதுப் பல் மருத்துவரையா?" என்று கேட்டார். எனக்கு வித்தியாசமே தெரியாது. ஆர்த்தோடான்டிஸ்ட் என்றால் பல்வரிசையைச் சீராக்குவதில் நிபுணராம். இங்கே பொதுப் பல் மருத்துவர்களும் கம்பி, அலைனர் போடலாம், தப்பில்லை. ஆனால் நிபுணர்களுக்குச் சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தில் தனிப் பதிவேடு உண்டு. இணையத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். நான் பார்த்தவர் அதில் இல்லை.

சரி, ஒரு நிபுணரிடம் நேரம் வாங்கினேன். அவர்கள் பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுவரச் சொன்னார்கள். கேட்டால் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். முதல் கிளினிக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கணினித் திரையைக் கைப்பேசியால் எடுத்த படம். என் பல்லைவிட அந்த அறையின் குழல் விளக்கு தெளிவாகத் தெரிந்தது. அரை நாள் லீவு போட்டு நேரில் போனால், கவுன்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே படிவம் நிரப்ப வேண்டும், டாக்டர் கையெழுத்து வேண்டும், டாக்டர் இன்று இல்லை என்றார். முந்தின நாள் ஃபோனில் பேசியதும் அதே பெண்தான். இன்னொரு அரை நாள் போன பிறகு கோப்பு கைக்கு வந்தது.

அதைத் திறந்த நிபுணர், "பக்கவாட்டுப் படம் எங்கே?" என்றார். தாடையும் முன்பல்லும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று பார்ப்பது அதில்தானாம். அது எடுக்கவே இல்லை! எடுக்காமலேயே எனக்குத் திட்டமும் விலையும் சொல்லியிருக்கிறார்கள். அன்றே எடுத்துப் பார்த்ததில், என் முன்பற்கள் ஏற்கெனவே வெளியே சாய்ந்திருந்தன. இடம் உண்டாக்காமல் வரிசைப்படுத்தினால் இன்னும் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் என்றார். மேலும் கீழுமாக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டும். கீழே படுத்துக் கிடந்த ஒரு ஞானப்பல்லும் போக வேண்டும். 300 வெள்ளி முன்பணம் திரும்பவில்லை. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அதையும் எழுதியிருந்தார்கள்.

அலைனர் வேண்டுமா என்று அவரும் கேட்டார். ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் கோப்பி குடிக்கும்போதும் கழற்ற வேண்டும். மூன்று வேளை கோப்பி, நடுவில் கொறியல் என்று இருக்கும் என்னை எனக்குத் தெரியும். கம்பிதான், மேலே பல் நிறத்துச் செராமிக், கீழே உலோகம் என்று முடிவானது.

பணத்தில் இன்னொரு அடி: மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மெடிசேவ் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தேன். கம்பிக்கு அது கிடையாது, சாதாரணமாகப் பல் பிடுங்குவதற்கும் கிடையாது. ஞானப்பல்லை ஈறைக் கீறி எடுத்தது அறுவைச் சிகிச்சைக் கணக்கில் வந்ததால் அதற்கு மட்டும் கிடைத்தது. மானியக் கட்டணத்தை எதிர்பார்த்துத் தேசியப் பல் மருத்துவ நிலையம் போகிறவர்கள் முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்குங்கள். தனியார் மருத்துவர் கொடுத்த கடிதத்தோடு நேரே போனால் பெரும்பாலும் முழுக் கட்டணம்.

செராமிக் அவ்வளவாக வெளியே தெரியாது என்பது உண்மை. ஆனால் அதன்மேல் மாட்டும் நிறமில்லாத ரப்பர் வளையம் மஞ்சளைக் குடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் ஞாயிறு சாம்பார் ஊற்றி இட்லி சாப்பிட்டேன். திங்கட்கிழமை கூட்டத்தில் எதிரே இருந்தவர் என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தார். கழிவறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தால் மேல்வரிசை முழுக்கப் பழுத்த மாம்பழ நிறம். அடுத்த தடவை சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்கினேன், அப்புறம் தொல்லையில்லை. தீபாவளி முறுக்கில், கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருந்த ஒரு பிராக்கெட் பெயர்ந்தது. மற்றபடி மாதம் ஒரு தடவை கம்பியை இறுக்குவது, இரண்டு நாள் கஞ்சி என்று 22 மாதம் ஓடிவிட்டது.

ரிடெய்னர் வந்த நாலாம் நாள். தேக்கா உணவங்காடி நிலையத்தில் பிரியாணி. ரிடெய்னரைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி ஓரமாக வைத்தேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கொண்டுபோய் ஒழுங்காக அடுக்கில் வைத்துவிட்டு எம்ஆர்டி வரை நடந்த பிறகுதான் வாய் காலியாக இருப்பது உறைத்தது. ஓடினேன். துப்புரவு செய்யும் சீனப் பெரியவரிடம் பல்லைக் காட்டிச் சைகை செய்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்தார். மூன்றாவது தட்டில், கோழி எலும்புக்கு அடியில் கிடந்தது.

ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து, கிருமி போகட்டும் என்று கொதிக்கும் வெந்நீரை அதன்மேல் ஊற்றினேன். கண்ணெதிரே சுருங்கிக் கோணியது. புதிதுக்கு 190 வெள்ளி. இப்போது தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி செக்கச்செவேல் டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரில் மட்டும்தான் கழுவுகிறேன்.